கணவாய்க் காற்றில் கோல்ஃப் மைதானம்: புரட்டாசி முதல் ஆடி வரை

கோல்ஃப் மைதானப் பராமரிப்புக் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பனி உருகியதும் உரம், இலை உதிரும்போது விதை என்று போகும். தமிழ்நாடு-கேரள எல்லையில், வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சிப் பக்கம் அந்தக் கணக்கு உதவாது. இங்கே பனி உருகுவதும் இல்லை, ஊரோடு இலை உதிர்வதும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற பாலக்காட்டுக் கணவாய்தான் இந்த மண்ணின் பருவத்தைத் தீர்மானிக்கிறது. பாலக்காட்டில் ஆண்டு மழை 2,000 மி.மீ. அளவில் பெய்கிறது. அதே மேகம் கணவாயைத் தாண்டிக் கோவை வருவதற்குள் சாரலாகிவிடும். கோவையில் ஆண்டுக்கு 600, 700 மி.மீ. பெய்தாலே நல்ல வருடம், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வருவது. மேற்கிலிருந்து மழை வராவிட்டாலும் காற்று மட்டும் ஆனி தொடங்கி ஆவணி வரை குறைவில்லாமல் வரும்.

இங்கே புல்லுக்கு ஆண்டு பிறப்பது சித்திரையில் அல்ல, புரட்டாசியில். காற்று அடங்கி வடகிழக்கு மழை தொடங்குவதற்கு இடையில் கிடைக்கும் மூன்று, நான்கு வாரங்களில் செய்கிற வேலைதான் அடுத்த பங்குனி வெயிலில் கிரீன் (குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய புல்தரை) நிற்குமா, கருகுமா என்பதை முடிவு செய்கிறது.

முதலில் புல்லைப் பற்றிக் கொஞ்சம். நம் பக்கத்து கோல்ஃப் மைதானங்களில் காலடியில் கிடப்பது பெரும்பாலும் பிள்ளையாருக்குச் சாத்துகிற அறுகம்புல்லும் அதன் கலப்பினங்களும்தான். ஃபேர்வே என்னும் நடுப்பாதைக்கு நாட்டு அறுகு அல்லது டிஃப்வே 419, கிரீனுக்கு டிஃப்டுவார்ஃப், டிஃப்ஈகிள். இந்தக் கலப்பினங்கள் விதை கட்டாதவை. கணுவுள்ள கொடித்துண்டுகளை நட்டுத்தான் பெருக்க வேண்டும். அதனால் ஓரத்தில் 200 சதுர மீட்டர் நாற்றங்கால் ஒன்று எப்போதும் இருக்கட்டும். காட்டுப்பன்றி கிரீனைப் புரட்டிப் போட்ட காலையில் வெளியூருக்கு ஆள் அனுப்பிக் கொடி தேட முடியாது.

வெட்டும் உயரம்: டிஃப்டுவார்ஃப் கிரீன் 4 முதல் 5 மி.மீ., டிஃப்ஈகிள் 3 முதல் 4, முதல் அடி அடிக்கும் டீ 10 முதல் 12, ஃபேர்வே 12 முதல் 18, ஓரத்து உயரப் புல்லான ரஃப் 40 முதல் 60. ஒரே வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மழையால் நான்கு நாள் மோவர் (புல்வெட்டும் மிஷின்) போகாமல் ஃபேர்வே 30 மி.மீ. வளர்ந்துவிட்டதென்றால் அன்றே 15-க்கு இறக்காமல் இரண்டு, மூன்று தவணையாக இறக்குங்கள். ஒரேயடியாக இறக்கினால் பச்சை போய்த் தண்டு மட்டும் மஞ்சளாகத் தெரியும். அதைப் பார்த்து உரம் போதவில்லை என்று யூரியாவைக் கொட்டுவது இங்கே அடிக்கடி நடக்கிற தவறு.

புரட்டாசி: துளையும் மணலும்

கிரீன் இறுகிவிட்டதா என்று பார்க்க 15 செ.மீ. நீளமுள்ள, ஆறு இஞ்சு விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டு போதும். 5 செ.மீ. ஆழத்துக்கு அடித்து இறக்கி, முதலில் ஒருமுறை தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். பிறகு 5 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி நேரம் பாருங்கள். புதிதாக முறைப்படி கட்டிய கிரீனில் இருபது நிமிடத்துக்குள் வடிந்துவிடும், அதாவது மணிக்கு 150 மி.மீ. ஒரு மணி நேரம் ஆகியும் நிற்கிறதென்றால் துளையெடுப்பைத் தள்ளிப்போட வழியில்லை.

துளையெடுக்க 12 மி.மீ. விட்டமுள்ள உள்ளீடற்ற ஊசி, 50 மி.மீ. இடைவெளி, 75 மி.மீ. ஆழம். வெளியே வரும் மண் உருளைகளை வாரிவிட்டுக் காய்ந்த மணலால் துளைகளை நிரப்ப வேண்டும். இந்த அளவில் ஒரு சதுர மீட்டருக்கு 3.4 லிட்டர் மணல் உள்ளே போகும். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு 60 கன அடி, பதினெட்டு கிரீனுக்கும் சேர்த்து ஏறக்குறைய 11 யூனிட் (யூனிட் என்றால் 100 கன அடி). இதைவிடக் குறைவாகச் செலவாகியிருந்தால் துளைகள் பாதி காலியாக மூடிக்கொண்டன என்று அர்த்தம். ஈர மணல் துளையின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும் என்பதால் மணலைத் தார்ப்பாயில் இரண்டு நாள் காயவைத்த பிறகே இழுங்கள்.

எந்த மணல் என்பதில்தான் பணமும் வாக்குவாதமும் அதிகம். ஆற்று மணல் இரண்டு மாநிலத்திலும் எளிதாகக் கிடைப்பதில்லை. வியாபாரி எம்-சாண்டைக் காட்டுவார். எம்-சாண்ட் கூடவே கூடாது என்பதில்லை, அதோடு வரும் கிரஷர் தூள்தான் எமன். 0.25 மி.மீ., 1 மி.மீ. சல்லடைகளுக்கு இடையில் குறைந்தது 60 சதவீதம் நிற்க வேண்டும். அதோடு ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டுத் தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே படியும் மாவு அடுக்கு, மணல் உயரத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். கழுவித் தருகிறேன் என்றால் கழுவிய பிறகு மறுபடி இதே சோதனை. மாவு மணலைப் போர்த்தினால் பழைய மணலுக்கும் புதிய மணலுக்கும் நடுவில் ஒரு மூடி விழுந்தது போலாகும். தண்ணீர் அதன்மேல் நிற்கும், வேர் அதோடு நின்றுவிடும். ‘ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த அறுகின் வேர் இரண்டு செ.மீ.க்கு மேல் இறங்காத கிரீன்களைக் கத்தியால் அறுத்துப் பார்த்தால் காரணம் இந்த அடுக்காகத்தான் இருக்கும். ஒருமுறை விழுந்த அடுக்கை எடுக்க ஆண்டுக் கணக்கில் துளை போட வேண்டிவரும்.

துளை போட்ட அன்றே நீர் விட்டு, மூன்றாம் நாள் அம்மோனியம் சல்பேட் சதுர மீட்டருக்கு 10 கிராம், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 5 கிராம் போட்டு உடனே நீரால் கழுவி இறக்குங்கள். இரண்டு வாரத்தில் துளை மூடிவிடும். அதுவரை மோவரின் உயரத்தை ஒரு மி.மீ. கூட்டி வையுங்கள். மணல் தட்டிய கிரீனில் நல்ல மோவரை விடாதீர்கள். சுழலும் ரீல் கத்தியும் அடிக்கத்தியும் ஒரே காலையில் மொக்கையாகிவிடும், அதற்கென்று ஒரு பழைய மிஷினை வைத்துக்கொள்ளுங்கள். கூர்மையைப் பார்க்கச் செய்தித்தாள் துண்டை ரீலில் கொடுத்துக் கையால் சுற்றுங்கள். முழு நீளத்திலும் பிளேடு போட்டது போல வெட்ட வேண்டும். மடித்து இழுத்தால் புல்லையும் அப்படித்தான் இழுக்கும், மறுநாள் நுனி வெளுத்து நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகை

அடைமழைக்கு முன்பே வடிகாலின் வாயைத் திறந்து பாருங்கள். கிரீனுக்கு அடியில் 30 செ.மீ. மணல், 10 செ.மீ. ஜல்லி, அதற்கும் கீழே 10 செ.மீ. குழாய் என்று ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், குழாய் வெளியேறும் இடம் மண்ணால் மூடியிருந்தால் அத்தனையும் தொட்டியாகத் தேங்கும்.

கரிசல் ஃபேர்வேயில் நீர் தேங்கும் பள்ளங்களுக்கு 20 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவில் துளையிட்ட 4 இஞ்சு குழாய் வைத்து, கால் இஞ்சு சிப்ஸ் நிரப்பி, மேல் 15 செ.மீ. மணலால் மூடுங்கள். குழாய்க்குத் துணி உறை போடச் சொல்வார்கள். கரிசலில் அது ஒரே மழைக்காலத்தில் சேறு பூசி அடைத்துவிடும், சிப்ஸே போதும். சரிவை ரசமட்டக் குழாய் வைத்துப் பாருங்கள், கண்ணளவு கரிசலில் ஏமாற்றும்.

மழை விட்டதும் மோவரை இறக்கத் தோன்றும். குதிகாலை அழுத்தி எடுங்கள். அச்சில் தண்ணீர் ஊறினால் அன்று மிஷின் வேண்டாம். ஒரு சக்கரத் தடம் பங்குனியில் பாறையாகி நிற்கும், அங்கே கேழ்வரகு போலக் கதிர்விடும் களை வந்து உட்காரும். அந்தக் களை எங்கே முளைக்கிறதோ அங்கே மண் இறுகியிருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்தைவிடத் துளைதான் வைத்தியம்.

கோரைக்கு மட்டும் மருந்து தேவைப்படும். பிடுங்கினால் கிழங்கு கீழேயே தங்கிப் பெருகும். ஹாலோசல்பியூரான் மீத்தைல் 75 சதவீதக் குருணை ஏக்கருக்கு 36 கிராம், 150 லிட்டர் நீரில், கோரை ஐந்தாறு இலை விட்டிருக்கும்போது. அடித்து ஆறு மணி நேரமாவது மழை இருக்கக் கூடாது. முழுதும் காய மூன்று வாரம் ஆகும், இரண்டாம் வாரத்தில் பொறுமை இழந்து மறுபடி அடிக்காதீர்கள். எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: தமிழ்நாட்டுக் கடையில் வாங்கியது வேலந்தாவளம் தாண்டினால் செல்லாமல் போகலாம். கேரள அரசு கிளைபோசேட்டை 2019-இல் தடை செய்தது, ஃபுரடான் போன்றவற்றுக்கு அங்கே 2011 முதல் தடை. மைதானம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வேளாண் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இந்த மாதங்களில் நைட்ரஜனைக் கூட்டாதீர்கள். ஈரமும் நைட்ரஜனும் சேர்ந்தால் இலைப்புள்ளி, வேரழுகல் எல்லாம் வரிசையில் வரும். மூன்று நாள் வெயிலே இல்லாமல் கிரீனில் கரும்பச்சைப் பாசி தெரிந்தால் மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம். 500 சதுர மீட்டருக்கு 50 லிட்டர் கரைசல், அதாவது 100 கிராம். பாசி திரும்பத் திரும்ப அதே கிரீனில் வருகிறதா? கிழக்கே நிற்கும் மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழியுங்கள். காலை வெயில் படாத கிரீனுக்கு மருந்து அடிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதுதான்.

மார்கழி முதல் மாசி வரை

கோவை, பொள்ளாச்சி சமவெளியில் இரவு 17, 18 டிகிரிக்கு இறங்கும். அறுகு தூங்குவதில்லை, மெதுவாகிறது, அவ்வளவுதான். கையேடு சொல்கிறதென்று ரை எனும் குளிர்காலப் புல் விதை தூவ வேண்டியதில்லை. மாசியில் அது வெந்து, அறுகுக்குப் போக வேண்டிய தண்ணீரையும் குடித்துவிட்டுப் போகும். மூணாறு போன்ற உயரமான ஊர்களின் கதை வேறு. அங்கே தை மாதத்தில் உறைபனி விழும். வெயில் ஏறிப் பனி உருகும்வரை ஆட்டக்காரரோ மிஷினோ புல்லை மிதிக்கக் கூடாது, மிதித்த தடம் கறுத்துப் பல நாள் நிற்கும்.

சமவெளியில் சிக்கல் பனித்துளி. இலை பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஈரமாகவே இருந்தால் ஒரு ரூபாய்க் காசு அளவில் வைக்கோல் நிற வட்டங்கள் தோன்றும், விடியலில் அவற்றின்மேல் சிலந்திவலை மாதிரி பூசண நூல் தெரியும். இதுதான் டாலர் ஸ்பாட். நீண்ட மூங்கில் கழியைக் கிரீன்மேல் இடவலமாக வீசினாலோ, இரண்டு பேர் கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தாலோ பனி உதிர்ந்துவிடும். ஒரு கிரீனுக்கு ஐந்து நிமிட வேலை. இரவு ஏழு மணிக்கு நீர் பாய்ச்சும் பழக்கம் இருந்தால் அதை விடியல் நான்குக்கு மாற்றுங்கள். பட்டினி போட்ட கிரீனில்தான் இந்த நோய் முதலில் வரும், அதனால் நைட்ரஜனை அறவே நிறுத்தாமல் பத்து நாளுக்கு ஒருமுறை அம்மோனியம் சல்பேட் சதுர மீட்டருக்கு 2 முதல் 3 கிராம் கரைத்துத் தெளித்து நீரால் கழுவுங்கள். இதையும் மீறிப் பரவினால் புரோபிகோனசோல் 25 சதவீதம் லிட்டருக்கு ஒரு மி.லி. அடுத்த முறை வேறு வகை மருந்து. ஒன்றையே திரும்ப அடித்தால் பூசணம் பழகிக்கொள்ளும்.

சுண்ணாம்புக்கல் கலந்த மண்ணில் இந்த மாதங்களில் புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். நைட்ரஜன் குறை அல்ல, இரும்பு கிடைக்கவில்லை. அன்னபேதி உப்பு லிட்டருக்கு 5 கிராம், சிட்ரிக் அமிலம் ஒரு கிராம், மாலையில் இலைமேல் தெளியுங்கள். இரண்டு நாளில் பச்சை திரும்பும். சிமெண்ட் பாதையில் பட்டால் துருக்கறை போகாது.

பங்குனி, சித்திரை: தண்ணீர்க் கணக்கு

கோடை வருமுன் எல்லோரும் ஒரு கணக்குப் போட்டுவிட வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. நீர் என்றால் ஒரு லிட்டர். கிரீன் ஒன்றுக்கு 500 சதுர மீட்டர் என்றால் பதினெட்டுக்கு 9,000. நாளைக்கு 6 மி.மீ. கொடுக்க 54,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஐந்து நடைகூட இல்லை. ஃபேர்வே 12 ஹெக்டேர், நாளைக்கு 4 மி.மீ. என்று வைத்தால் 4,80,000 லிட்டர், நாற்பது நடை. கிணறு கீழே போனதும் எல்லாவற்றுக்கும் பாதிப் பாதி கொடுப்பதுதான் மோசமான முடிவு. அரைத் தண்ணீரில் மேல் இரண்டு செ.மீ. மட்டும் நனையும், வேர் மேலேயே சுருண்டுகொள்ளும், எல்லாம் சேர்ந்து கருகும். முதலில் ரஃப், பிறகு ஃபேர்வேயின் ஓரங்கள், பிறகு ஃபேர்வே, கடைசியாக டீ என்று ஒவ்வொன்றாகக் கைவிடுங்கள். கிரீனை மட்டும் விடாதீர்கள். வைக்கோலாகக் காய்ந்த நாட்டு அறுகு, கீழே கிழங்குத் தண்டு உயிரோடு இருந்தால் முதல் கோடை மழையில் தளிர்க்கும். 4 மி.மீ.யில் வெட்டப்பட்ட கிரீனுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது.

நூறு நாளுக்குக் கிரீன் மட்டும் குடிப்பது 54 லட்சம் லிட்டர். 60 மீட்டருக்கு 45 மீட்டர் குளத்தில் அது 2 மீட்டர் உயரம். வெயிலும் காற்றும் குடிக்கிற பங்கு தனியே அரை மீட்டருக்கு மேல் போகும். ஐப்பசி மழையில் அந்த அளவு நிறைந்ததா என்று கார்த்திகைக் கடைசியில் கோல் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்க்ளர் சமமாகத் தூவுகிறதா என்று பார்க்க, நேர் சுவருள்ள ஒரே அளவு டப்பாக்கள் இருபதை மூன்று மீட்டர் இடைவெளியில் வைத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். குறைவாக நிரம்பிய ஐந்தின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால் 0.7-க்குக் கீழே வரக் கூடாது. வந்தால் சாய்ந்த ஹெட்டை நிமிர்த்தி, தேய்ந்த நாசிலை மாற்றிவிட்டு மறுபடி அளங்கள்.

மைதானம் முழுக்கப் பச்சை, நடுவில் சில இடம் மட்டும் காய்ந்தால் அங்கே ஒரு மண் உருளை எடுத்து அதன்மேல் சொட்டு நீர் விடுங்கள். ஐந்து நொடிக்கு மேல் முத்தாக நின்றால் மண் மெழுகுப் பூசி நீரை ஒதுக்குகிறது. அங்கே கவைக்கோலால் குத்தி, ஈரமூட்டும் திரவம் கலந்த நீரைக் கைக்குழாயில் மெதுவாக விடுங்கள்.

ஆழ்துளைக் கிணறு இறங்க இறங்க நீரில் உப்பு ஏறும். மண்பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவு மீட்டருக்கு 1.5 டெசிசைமன்ஸ் தாண்டியதாகச் சொன்னால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓர் இரவில் 40 மி.மீ. கொடுத்து உப்பைக் கீழே தள்ளுங்கள். ஒரு கிரீனுக்கு 20,000 லிட்டர் ஆகும், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாது. சோடியம் அதிகம் என்றால் அதற்கு முன் ஜிப்சம் கிரீனுக்கு 50 கிலோ.

பள்ளிக்கூட விடுமுறையில் போட்டிகள் வரும். பந்து வேகமாக ஓட வேண்டும், 3 மி.மீ.க்கு இறக்குங்கள் என்று கமிட்டியில் சொல்வார்கள். தலையாட்டிவிட்டு, உயரத்தை இறக்காமல் இருந்த இடத்திலேயே வைத்து இரண்டு நாள் ரோலர் ஓட்டுங்கள். வேகம் கூடும், புல்லும் பிழைக்கும்.

வைகாசி, ஆனி

முதல் கோடை மழை பெய்த இரவில் வேர்ப்புழுவின் தாய் வண்டுகள் மண்ணைவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தில் மொய்க்கும். இருட்டிய பிறகு ஏழரை மணியிலிருந்து ஒன்பதுக்குள் கிளையை உலுக்கி, கீழே விரித்த தார்ப்பாயில் விழுவதை மண்ணெண்ணெய் கலந்த நீரில் போடுங்கள். நாலைந்து இரவு இதைச் செய்தால் ஆவணியில் பாதிச் சேதம் குறையும். வண்டை விட்டுவிட்டுப் புழுவைத் துரத்துவது செலவும் அலைச்சலும். புழு இருக்கிறதா என்று ஒரு சதுர அடிப் புல்லை மூன்று பக்கம் அறுத்துப் பாய்போலத் தூக்கிப் பாருங்கள். ஐந்துக்கு மேல் இருந்தால் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூசணம் ஏக்கருக்கு 2 கிலோ, மக்கிய உரத்தோடு கலந்து ஈர மண்ணில் மாலையில் தூவி நீர் விடுங்கள். காட்டுப்பன்றி புரட்டும் இடமெல்லாம் புழு இருக்கும் இடம்தான், வேலி மட்டும் போட்டுப் பயனில்லை. புரண்ட புல்லை வெயில் ஏறுமுன் திருப்பி வைத்து மிதித்து நனைத்தால் ஒட்டிக்கொள்ளும், மதியம் தாண்டினால் சருகு.

மண்மேடு விரல் கனத்துக்கு நெளிந்து ஓடினால் அது பிள்ளைப்பூச்சி. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் 30 மி.லி.யை 8 லிட்டர் நீரில் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றினால் சில நிமிடத்தில் மேலே வரும்.

ஆடி

அம்மியே பறக்கும் மாதத்தில் ஸ்பிரிங்க்ளர் நீர் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பகலில் பாய்ச்சினால் மேற்கு ஓரம் காயும், கிழக்கு ஓரம் ஊறும். காற்று அடங்கும் விடியல் மூன்றிலிருந்து ஐந்துக்குள் முடித்துவிடுங்கள், தாழ்ந்த கோணமுள்ள நாசிலைப் போடுங்கள். வானம் மூட்டமாக இருப்பதால் நீர் குறைத்தால் போதும் என்று தோன்றும். காற்று வெயிலைப் போலவே உறிஞ்சும். காலடித் தடம் நிமிராமல் நின்றால், புல் நீலச்சாம்பலாகத் தெரிந்தால், அன்றே கைக்குழாய்.

துளையெடுப்பு இந்த மாதத்தில் வேண்டாம். துளையின் ஓரம் காய்ந்து, போட்ட மணல் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். பங்கர் எனும் மணல் பள்ளங்களின் மணலும் அப்படியே பறக்கும். அடியில் 10 செ.மீ., சரிவில் 5 செ.மீ. இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை கம்பியால் குத்திப் பார்த்து, கிழக்கு உதட்டில் குவிந்ததை இழுத்துவிடுங்கள். பலகையால் சமன்படுத்துவதற்கு முன் ஒருமுறை நனைத்தால் பாதி மணல் நிற்கும்.

கொடிக்கம்பு காற்றில் ஆடி ஆடிப் பந்து விழும் குழியின் உதட்டைத் தேய்த்துவிடும். 108 மி.மீ. இருக்க வேண்டிய வாய் இரண்டே நாளில் முட்டை வடிவமாகும். ஆடியில் கொடித்துணியைப் பாதியாக வெட்டுங்கள், குழியைத் தினமும் மாற்றுங்கள். உள்ளே வைக்கும் கப் மேற்பரப்புக்கு 25 மி.மீ. கீழே இருக்கட்டும். அதைவிட மேலே வந்தால் மண் உதடு மெலிந்து சீக்கிரம் உடையும்.